தோற்பதற்கு எழுபத்தைந்து ரூபாய்

சுவரொட்டியில் அவன் முகம் ஆளுயரம்.
என் பெயர் அடியில்,
டிக்கெட் விலைக்கும் அச்சகத்தின் பெயருக்கும் நடுவே
கொசு உட்கார்ந்த மாதிரி:
பாக்தாத் புலி.

பாக்தாத் எந்தத் திசை என்று
இன்றைக்கும் தெரியாது எனக்கு.
தாராவியில் ஒரு தோல் கிடங்கு, சுண்ணாம்புத் தொட்டி,
அதற்கு முன்னால் மேலப்பாளையம்.
அவ்வளவுதான் என் பூகோளம்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
ஆவாரம்பட்டை வாடை போகாத உடம்பு.
"அரபு தேசத்து அத்தர்" என்று
அறிவிப்பாளன் அதையும் விற்றான்.

அவன் பண்டரிநாத் ஷெலார்.
கோலாப்பூர்ச் செம்மண்ணில் புரண்டு வளர்ந்தவன்.
இருநூற்று முப்பது பவுண்டு.
நசுங்கி நசுங்கிக்
கொழுக்கட்டையாகிப் போன காதுகள்.
ஐம்பத்து மூன்றில் ஒரு சாயங்காலம்
ஸொராப்ஜி முதலாளி சுருட்டை அணைத்தபடி முடிவுசெய்தார்;
மறுநாள் அவன் சாம்பியன்.
பேண்டி பஜாரில் அடித்த பித்தளைப் பட்டையில்
சிங்கம் கொஞ்சம் நாய்போல வந்துவிட்டது.
நாலு ரூபாய் இருக்கையிலிருந்து பார்த்தால்
சிங்கம்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்.
கதவு சாத்திய பயிற்சி அறையில்
ஒரு நிமிடம் போதும் அவனுக்கு,
என் இரண்டு தோளையும் தரையில் பதிக்க.
அந்த நிஜத்தை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான்?
ஆகவே நாற்பது நிமிடம்
கடித்தேன், பிராண்டினேன்,
செங்கல்தூளை மிளகாய்ப்பொடி என்று கண்ணில் அப்பினேன்.
மராத்தியில் திட்டினார்கள், குஜராத்தியில் திட்டினார்கள்.
ஒருநாள் மேல்வரிசையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல்:
"எலே கழிசடை, நீ வெளங்கமாட்டலே!"
ஊர்க்குரல் கேட்டு
சிரித்துத் தொலைத்துவிட்டேன்.
அதற்கு மூன்று ரூபாய் பிடித்தம்.

ஐம்பத்தாறு, ஆவணி. வொர்லியில் மழை.
ஈரக் கித்தான்.
பேச்சு என்னவென்றால், நாலாவது சுற்றில் நான் விழவேண்டும்.
இரண்டாவதிலேயே அவன் வலது தோள் கழன்றது.
பச்சை விறகு முறிகிற சத்தம்,
எட்டாயிரம் பேரில் எனக்கு மட்டும் கேட்டது.
என் காதோரம் அவன் மூச்சு:
"சோட்னா மத்."

விட்டிருந்தால் விழுந்திருப்பான்.
நாய்முகச் சிங்கம் என் இடுப்பில் ஏறியிருக்கும்.
யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.
ஒரு மூச்சு முழுக்க யோசித்தேன்.

பிறகு
உயிரில்லாத அந்தக் கையை எடுத்து
என் கழுத்தில் நானே சுற்றிக்கொண்டேன்.
கழுத்தை நெரிக்கிறான் என்று அலறினேன்.
என்னை நானே தூக்கினேன்,
அவன் தூக்கியது போல.
என்னை நானே எறிந்தேன்,
அவன் எறிந்தது போல.
இரண்டு சுற்று.
அவன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து தோற்பது
ஜெயிப்பதைவிட எவ்வளவு கஷ்டம் என்று
மறுநாள் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.
"ஷெலாரின் இரும்புப்பிடி" என்று எழுதியிருந்தது.

ஊரில் மதுவிலக்கு.
வலிக்குக் குடிக்க இரானி டீதான்.
பன்னை நனைத்து நனைத்து அவன் வாயில் வைத்தேன்.
நன்றி எதுவும் சொல்லவில்லை;
இன்னொரு பன் கேட்டான்.
ஸொராப்ஜி எழுபது கொடுத்தார்.
அறுந்த கயிற்றுக்கு ஐந்து.

அந்தத் தோளோடு இன்னும் பதினோரு மாதம்
தோல்வியே காணாத சாம்பியனாக இருந்தான்.
எதிரே பெரும்பாலும் நான்.

கடைசியாகப் பார்த்தது அறுபத்தெட்டில்,
ஜோகேஸ்வரித் தபேலாவில்.
முப்பது எருமை, சாணிப் புகை,
காதுக்கு மேல் ஏறாத வலது கை.
தீவனம் அள்ளிய பொடியன்
யார் இவர் என்று கேட்டான்.
"பாக்தாத் புலி," என்றான் ஷெலார், முகம் மாறாமல்.
"ரொம்பக் கெட்டவன். தள்ளி நில்."

பையன் இரண்டடி பின்னால் போனான்.
நான் பல்லைக் காட்டினேன்,
மிச்சம் இருந்தவற்றை.